உழைப்பும் இயந்திரமும் அடிப்படை வருமானமும்

     

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'உழைப்பே உயர்வு' என்பதாகும். பள்ளிச் சுவரில் நாமே எழுதுவித்த வாசகந்தான். ஆயினும் வெள்ளி விழா மேடையில், நம்மவர் நடுவே, அதனை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு அமர மனம் ஒப்பவில்லை. உழைப்பு ஒன்றே உயர்வைத் தருமாயின், நம் பாட்டன் பூட்டன்மாரினும் உயர்ந்தோர் இந்நாட்டில் எவர் இருந்திருக்க முடியும்? காவிரிப் படுகையில் வாய்க்கால் வெட்டியவரும், வரப்புக் கட்டியவரும், சேற்றில் குனிந்து நாற்று நட்டவரும், களத்தில் கதிர் அடித்தவரும் அவர்களே அன்றோ? அவ்வளவு உழைத்தும் பட்டா அவர்கள் பெயரில் ஏறவில்லை. ஆகவே உழைப்பைப் பற்றிப் பேசும்போதே, அவ்வுழைப்பின் இடத்தைப் பிடித்துவரும் இயந்திரத்தைப் பற்றியும், உழைப்போடு முடிச்சுப் போடப்படாத 'அடிப்படை வருமானம்' என்னும் புதிய கருத்தைப் பற்றியும் சில சொல்ல விழைகிறோம்.

முதற்கண் ஒரு சொல்லைக் காண்போம். வேலையின்றி வீட்டில் இருக்கும் இளைஞனை 'வெட்டியாய் இருக்கிறான்' என்கிறோம். பயனற்ற காரியத்தை 'வெட்டி வேலை' என்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது ஊதியமின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பின் பெயர். கூலி கொடாமல் வாங்கப்பட்ட உழைப்பின் பெயரே நாளடைவில் சோம்பலின் பெயராயிற்று! சுடுகாட்டில் இரவெல்லாம் கண்விழித்தவனுக்கும் அதே சொல்லிலிருந்தே பெயரிட்டார்கள். எவன் அதிகம் உழைத்தானோ அவனையே சோம்பேறி என்று ஏசும் வழக்கம் இந்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. சாதி என்பது தொழிற் பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே மேல் கீழாகப் பிரித்து வைத்த ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துரைத்தார். அவ்வேற்பாட்டில் வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் இல்லை. இவ்விரண்டாவது உரிமையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இன்றைய பேச்சு முழுவதும் அதனைச் சுற்றியே வரும்.

இப்பொழுது நம் வட்டாரத்து வயலுக்கு வருவோம். முன்பெல்லாம் சம்பா அறுவடை என்றால் நம் தெருவே களத்தில் இருக்கும். பெண்கள் அரிவாள் பிடிக்க, ஆண்கள் கட்டுத் தூக்க, முதியவர் பதர் தூற்ற, பிள்ளைகள் உதிர்நெல் பொறுக்குவர். ஆண்டுக்கு வேண்டிய நெல்லில் பெரும்பங்கு அந்த ஒன்றரை மாதத்தில்தான் வீட்டுக்கு வரும். அந்தக் கூலி நெல்லை ஒரு பிடி கூட்டிக் கேட்டதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைக் கீழ்வெண்மணி சொல்லும். 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்றோ 'பெல்ட் வண்டி' என்று நம்மவர் சொல்லும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. ஓட்டுநர் ஒருவர், துணையாள் ஒருவர், அவ்வளவே. உதிர்நெல்லும் இல்லை, பொறுக்கப் பிள்ளையும் இல்லை. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் வராத வயலில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர் கூட்டமாய் நின்று நடுகின்றனர்.

இதனைக் கண்டு பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நாம் ஏங்கவில்லை. குனிந்த முதுகு நிமிராமலே முதுமை அடைந்த நம் தாய்மார்களைக் கண்ட எவரும் அப்படி ஏங்க மாட்டார். இராட்டையைச் சுற்றினால் விடுதலை வரும் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த நாளிலேயே, மனிதனை விலங்கு வாழ்விலிருந்து மீட்டு அவனுக்கு ஓய்வையும் பண்பாட்டு வாழ்வையும் தர இயந்திரம் இன்றியமையாதது என்று 1945இல் வெளிவந்த தம் நூலில் அண்ணல் அழுத்தமாக எழுதினார். தொழிலாளர் துறையை அவர் ஏற்றிருந்த காலத்து முயற்சியின் பயனாகவே, 1946இல் தொழிற்சாலைகளின் வார வேலை நேரம் 48 மணியாகக் குறைந்தது. இயந்திரம் ஓய்வைத் தரும் என்பதே அவர் வாதம். ஆனால் நம் தெருவுக்கு இயந்திரம் ஓய்வைத் தந்ததா? வேலையை எடுத்துக்கொண்டது, மிச்சப்பட்ட கூலி வண்டிக்காரருக்கும் நிலக்காரருக்கும் போயிற்று. நம் பெண்களுக்குக் கிடைத்தது ஓய்வன்று, திருப்பூர்ப் பேருந்து.

ஆசிரியர் என்ற முறையில் இதன் விளைவை நாம் வருகைப் பதிவேட்டில் காண்கிறோம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் சில பெயர்களுக்கு நேரே வெற்றிடம். "அம்மாவோட பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க சார்" என்பார்கள் உடன் படிக்கும் பிள்ளைகள். சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் பிள்ளை குட்டிகளோடு போய்விடும். நூற்பாலைகளுக்கு அனுப்பப்பட்ட பெண் குழந்தைகளின் கதை தனிக்கதை. மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயரையும் இட்டு, விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கினார்கள். கணக்கில் கெட்டிக்காரியான பெண் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனால், 'உழைப்பே உயர்வு' என்னும் சுவரெழுத்து யாரைப் பார்த்து நிற்கிறது?

இயந்திரம் நம் வேலையைப் பறித்தது என்றோம். அது வந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததா என்றும் கேட்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993இலும், மேலும் கடுமையாக 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. இயந்திரம் கண்டுபிடிக்கப்படவில்லையா? கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் பெருச்சாளி இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் ஆள்நுழை குழிக்குள் இறங்கியது. வயலுக்குள் ஆயிரக்கணக்கில் நுழைந்த இயந்திரம், சாக்கடைக்குள் மட்டும் ஏன் ஒன்றும் இரண்டுமாய்த் தயங்கித் தயங்கி இறங்குகிறது?

காரணம் அறிவியலில் இல்லை, விலையில் இருக்கிறது. வயலில் நாம் கூலி உயர்வு கேட்கத் தொடங்கினோம்; சங்கம் வைத்தோம்; ஆள் தட்டுப்பாடு வந்தது. உடனே இயந்திரம் வந்தது. சாக்கடைக்கோ, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத ஒருவன் சில நூறு ரூபாய்க்கும் ஒரு குவளைச் சாராயத்துக்கும் எப்போதும் கிடைக்கிறான். அவன் கிடைக்கும்வரை ஒப்பந்ததாரர் ஏன் பல லட்சம் கொடுத்து இயந்திரம் வாங்குவார்? எவனால் மறுக்க முடியவில்லையோ அவன் இருக்கும் இடத்துக்கு இயந்திரம் வருவதில்லை. அவனுக்கு மறுக்கும் வலிமையைக் கொடுத்துப் பாருங்கள். பெருச்சாளி தானே ஓடிவரும்.

படித்த நம் பிள்ளைகளின் நிலையையும் ஒரு வரி சொல்லிவிட்டு மேலே செல்வோம். நம் தலைமுறையில் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் தட்டச்சு நிலையத்தில் சேர்வோம். லோயர், ஹையர் இரண்டும் தேறினால் அரசு அலுவலகத்தின் வாசல் திறக்கும். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது. அந்த வாசல் சுருங்கியது. மத்திய அரசின் கடைநிலைப் பணிகளான 'டி' பிரிவுக்கு ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஆள் எடுப்பதே நின்று, பெருக்குவதும் காவல் காப்பதும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. பணியிடம் இருந்தால்தானே இட ஒதுக்கீடு? இப்போது கணினியே கடிதம் வரையவும் கணக்கெழுதவும் கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் நம் பிள்ளைகள் ஏறிவந்த ஏணியில் இன்னும் எத்தனை படிகள் கழலும் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில்தான் உலகின் பல பகுதிகளில் அடிப்படை வருமானம் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. கருத்து எளியது. நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும், வேலை செய்கிறாயா, ஏழைதானா என்னும் கேள்வி எதுவுமின்றி, மாதந்தோறும் ஒரு தொகையை அரசு தர வேண்டும். அதற்குமேல் உழைத்து ஈட்டுவது அவரவர் விருப்பம். இது நேற்று முளைத்த எண்ணமன்று. தாமஸ் பெயின் என்னும் அறிஞர் 1797இல் வெளியிட்ட 'நிலவழி நீதி' என்னும் சிறு நூலில், நிலம் இயற்கையில் அனைவர்க்கும் பொது, அதைத் தனதாக்கிக்கொண்டோர் மற்றையோர்க்கு வாடகைக் கடன்பட்டவர்கள் என்று வாதிட்டார். அக்கடனைக்கொண்டு இருபத்தொரு வயதில் ஒவ்வொருவருக்கும் 15 பவுனும், ஐம்பது வயதுக்குமேல் ஆண்டுதோறும் 10 பவுனும் தரச் சொன்னார். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன வரலாற்றை அறிந்த நமக்குப் பெயினின் கணக்கு உடனே விளங்கும். வாடகை பாக்கி நிற்பது யாருக்கு என்பதும் விளங்கும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். முன்னாளில் நம்மவர்க்கும் மானியம் என்று சிறிது நிலமும் களத்தில் சிறிது நெல்லும் கொடுத்தார்களே, அதுவும் உறுதியான வருமானந்தானே என்று ஒருவர் கேட்கலாம். மகாராட்டிரத்தில் இதற்கு 'மகர் வதன்' என்று பெயர். துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, இரவு பகல் பாராமல் குடும்பத்தையே அரசுக்கும் ஊருக்கும் ஏவல் செய்ய வைத்த முறை அது. அதனை மாற்றுவதற்கு அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவர் மறைந்த பின், 1958இல் தான் அது சட்டப்படி ஒழிந்தது. சொந்த மக்களிலேயே பலர், கைக்கு வரும் சிறு வருமானம் போய்விடுமே என்று அஞ்சினர். ஆனால் அந்த வருமானம் கயிறு. அதன் மறுமுனை ஊரார் கையில் இருந்தது. அடிப்படை வருமானத்தின் உயிர்நிலை தொகையில் இல்லை, அந்தக் கயிறு இல்லாமையில் இருக்கிறது. நிபந்தனை விதித்தால் அது வதன் ஆகிவிடும்.

'சும்மா கொடுத்தால் எவன் உழைப்பான்?' என்பதே இதற்கு எதிராக எங்கும் கேட்கப்படும் கேள்வி. விடையைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்போம். கனடாவில் மனிடோபா மாநிலத்து டாஃபின் என்னும் சிற்றூரில் 1974 முதல் 1979 வரை, குடும்ப வருமானம் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் அரசு ஈடு செய்தது. ஆட்சி மாறியது, திட்டம் நின்றது, கணக்கேடுகள் பெட்டி பெட்டியாகக் கட்டிவைக்கப்பட்டன. பல்லாண்டு கழித்து ஈவ்லின் ஃபார்ஜே என்னும் பொருளியல் அறிஞர் அவ்வூரின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார். மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை, ஒப்பிட்ட பிற மக்களைவிட 8.5 விழுக்காடு குறைந்திருந்தது. உழைப்பைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டவர் இரு சாரார் மட்டுமே. ஒருவர், கைக்குழந்தையுடைய தாய்மார். மற்றவர், பதின்வயதுப் பையன்கள். அப்பையன்கள் எங்கே போனார்கள்? குடும்பத்துக்காகப் பாதியில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்கள், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள்! தலைமையாசிரியராகிய நமக்கு இந்த ஒரு செய்தி போதும்.

நம் நாட்டிலும் 2011–2012இல் மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் 'சேவா' என்னும் சுயதொழில் மகளிர் சங்கம் யுனிசெப் துணையோடு இச்சோதனையை நடத்தியது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100 ரூபாய் எனத் தொடங்கிப் பின்னர் 300, 150 ஆயிற்று. மக்கள் படுத்து உறங்கவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துத் தம் சொந்தத் துண்டு நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். வட்டிக்கடன் சிறிது தளர்ந்தது. பின்லாந்தில் வேலையற்ற 2,000 பேருக்கு 2017, 2018 ஆகிய ஈராண்டும் மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தபோதும் வேலை நாள் குறையவில்லை. சிறிதளவு கூடவே செய்தது.

வெளிநாடு எதற்கு? நம் தமிழ்நாட்டுப் பள்ளியைப் பாருங்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தொடங்கிய உணவு, 1956இல் காமராசரால் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆரால் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்தது. தட்டில் சோறு போடும்போது 'வாய்ப்பாடு சொல்' என்று எந்த ஆயாவும் கேட்டதில்லை. சோறு போட்டதால் பிள்ளைகள் சோம்பேறி ஆனார்களா, மாநிலம் எழுத்தறிவு பெற்றதா? குடும்ப அட்டைக்கு இலவச அரிசி 2011இல் வந்தபோதும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறுநாள் வேலை வந்தபோதும், 'கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, உழைக்கும் பழக்கமே போய்விட்டது' என்று புலம்பியவர் யார் என்பதை நாம் அறிவோம். அவர்கள் புலம்பியது பொய்யுமன்று. பசிக்காக எந்தக் கூலிக்கும் வரும் ஆள் உண்மையிலேயே குறைந்தான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் வேலை நாளை 125ஆக உயர்த்தியது. கூடவே, விதைப்பு அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் அவ்வேலையை நிறுத்திவைக்கவும் வகை செய்தது. வயலில் கூலி கேட்டு வாங்கக்கூடிய பருவம் எதுவோ, அப்பருவத்தில் மாற்று வேலை இராது! அரசு ஊழியராகிய நாம் இதற்குமேல் உரை விரிக்க இயலாது.

இனி, எச்சரிக்கைகள். அடிப்படை வருமானம் என்ற பெயரைக் கேட்டதும் கைதட்டிவிடலாகாது. 2016–17ஆம் ஆண்டின் மத்தியப் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென ஓர் இயலையே ஒதுக்கியது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 7,620 ரூபாய் என ஒரு கணக்கும் போட்டது. மாதத்துக்கு 635 ரூபாய். மக்களில் முக்கால் பங்கினருக்குத் தந்தாலே நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 விழுக்காடு செலவாகும் என்றது. எனவே, இருக்கும் உதவிகளை எடுத்துவிட்டு இதைத் தரலாமே என்னும் யோசனை இயல்பாகவே எழுகிறது. அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நியாய விலைக் கடையையும், அரசுப் பள்ளியையும், அரசு மருத்துவமனையையும் மூடிவிட்டு 635 ரூபாயைக் கையில் திணித்தால், அதனைக்கொண்டு எந்தப் பண்ணையாரை மறுக்க முடியும்? அரிசி விலை ஏறினால் பணம் சுருங்கும். அரிசியாகவே வந்தால் சுருங்காது. இட ஒதுக்கீட்டுக்கும் இது ஈடாகாது. வயிற்றுக்கு ஒன்று, அதிகாரத்துக்கு ஒன்று. இரண்டையும் தராசில் எதிரெதிரே வைப்பவரை நம்ப வேண்டா. இருப்பவற்றோடு சேர்த்துத் தருவதாயின் வரவேற்போம். வேலையின்மையிலும் முதுமையிலும் அரசின் துணை பெறும் உரிமையை அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு முன்னமே எழுதி வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களோடு தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது, தகுதி வரம்புகள் இருந்தபோதிலும், நல்ல தமிழ் என்றே கருதுகிறோம்.

அரசின் செயலை அரசு பார்க்கட்டும். நம் கையில் இருப்பது ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். வெள்ளி விழா நினைவாகச் சங்கம் ஒரு கல்வி நிதியை நிறுவவிருக்கிறது. அதன் வரைவு விதியை நமக்கும் காட்டினார்கள். நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற்றோர்க்கு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, மேடையில் வைத்துப் பரிசாக அளிப்பது என்று எழுதியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதியதே. ஆனால் எண்பது பெறும் பிள்ளை எப்படியும் படித்துவிடும். பனியன் கம்பெனிக்குப் போவது நாற்பத்தைந்து பெறும் பிள்ளை. அது போவதும், நம் மேடை போடப்படும் ஆண்டு விழா மாதத்தில் அன்று, தை மாதத்தில்.

ஆதலின் மூன்று திருத்தங்கள் வேண்டுகிறோம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் நம் தெருப் பிள்ளைகள் அனைவர்க்கும், மதிப்பெண் பாராமல் தருக. மேடையில் தராமல், மாதந்தோறும் தாயின் வங்கிக் கணக்கில் செலுத்துக. பிள்ளை பள்ளிக்கு வராத மாதத்தில் தொகையை நிறுத்தாமல், சங்கத்தார் இருவர் அவ்வீட்டுக்குச் சென்று வருக. நிதி சிறியது, பகிர்ந்தால் தலைக்கு ஒரு சில நூறுதான் வரும் என்று பொருளாளர் கவலைப்படுகிறார். அவர் கணக்குச் சரியே. மத்தியப் பிரதேசத்திலும் பிள்ளைக்கு நூறில்தான் தொடங்கினார்கள்.

மாலை நான்கு மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. தாய்மார்களுள் ஒருவர் இத்திருத்தத்தை முன்மொழிவாராயின், வழிமொழிய நாம் முன்வரிசையில் அமர்ந்திருப்போம்.